பத்துக் கிலோ புல்லில் பன்னிரண்டு கிலோ சர்க்கரை

கெட்ட செய்தி வந்தால் நாம் யாரும் லேசில் நம்புவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை கூடுதல் என்று ஒரு லேபில் சொன்னால், உடனே அடுத்த லேபுக்குப் போய் இன்னொரு கையை நீட்டுகிறோம். அங்கேயும் கூடுதல் என்றால் மூன்றாவது லேப். நல்ல செய்திக்கு மட்டும் ஒரே தடவைதான். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஸ்வீட் கடைக்குப் போய்விடுகிறோம். நானும் ஒருமுறை ஒரு சர்க்கரை ரிசல்ட்டை அப்படி மடித்துப் பையில் வைத்துக்கொண்டவள்தான். ஆனால் என்னுடையது ரத்தத்தில் வந்த சர்க்கரை இல்லை, புல்லில் வந்தது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் என்னிடம் ரிசல்ட் காட்ட வரும்போது பயந்து பயந்து வருகிறார்கள். அந்த மரியாதை நிலைக்க வேண்டுமானால் இதை எழுதாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜர். வண்டி துளை போடப் போன ஊரிலெல்லாம் இந்தக் கதையையும் சேர்த்தே இறக்கிவிட்டு வந்திருக்கிறார். ஒரிசாவில் தெரிந்த கதை ஓமலூரில் தெரிந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. ஆளைப் பார்த்தால் ஒடிசலாக இருப்பேன். தலைக்கனத்தைத் தூக்க மட்டும் தனியாக இரண்டு ஆள் வேண்டும். என் ஆராய்ச்சியை ஒரே வரியில் சொன்னால், புல்லைச் சர்க்கரையாக்குவது. இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புல், வைக்கோல், சோளத்தட்டு எல்லாவற்றுக்குள்ளும் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அது சங்கிலி சங்கிலியாகக் கோத்து, செல்லுலோஸ் என்கிற நாராகி, லிக்னின் என்கிற கெட்டிப் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பூச்சைச் சுண்ணாம்பு போட்டு இளக்கி, சங்கிலியை நொதி விட்டு அறுத்தால் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும். அதைப் புளிக்க வைத்து வடித்தால் எத்தனால். பெட்ரோலில் கலக்கிறார்களே, அதேதான்.

இதை என் மாமியாருக்கு நான் விளக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் புல்லுக்கட்டோடு நின்று முழுவதையும் கேட்டார். பிறகு, "ஏன் அம்மிணி, இதையே மாடு தின்னா சாயங்காலம் அஞ்சு லிட்டர் பால் குடுக்குது. நீ ஊற வெச்சா என்ன வரும்?" என்றார்.

"சர்க்கரை வரும் அத்தை."

"எத்தன நாளைக்கு ஒருக்கா?"

அன்றுவரை சோதனைக் குழாயில் வந்ததெல்லாம் ஒரு காப்பிக்குக்கூடக் காணாது.

நான் பிறந்தது ஜலகண்டாபுரத்தில், தறி ஓடுகிற வீட்டில். மாட்டை அதற்கு முன்னால் நான் பார்த்ததெல்லாம் ரோட்டைக் கடக்கும்போதுதான். பருத்தி நூலும் செல்லுலோஸ்தான் என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னபோது, அவர் தறியில் பாதி ஓடியிருந்த வேட்டியைக் கவலையோடு பார்த்துவிட்டு, "இதைக் கரைச்சுக் கிரைச்சு வெச்சுறாத சாமி" என்றார். அப்படிப்பட்ட என்னைக் கட்டிக் கொடுத்தது சேந்தமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு. நான்கு கறவை மாடு, அவற்றுக்கென்று அரை ஏக்கரில் ஆள் உயரத்துக்கு நேப்பியர் புல். (என் படிப்புக்கு ஏற்ற இடமாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று கல்லூரியில் கிண்டல் செய்வார்கள். புல்லைப் பார்த்து மாப்பிள்ளையை முடிவு செய்த ஒரே பெண் நான்தானாம்.)

இந்தக் கதையின் நாயகர் என் மாமனார். ஊர் பால் சொசைட்டியில் முப்பது வருடம் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் ஊர்ப் பாலெல்லாம் அவர் முன்னால் வந்து நிற்கும். லாக்டோமீட்டரை உள்ளே விட்டு டிகிரி பார்ப்பார். தண்ணீர் கலந்தால் டிகிரி இறங்கும். இறங்கிய டிகிரியை மறுபடி ஏற்றுவதற்குச் சிலர் சர்க்கரை கலப்பார்கள். யார் எதைக் கலந்திருக்கிறார்கள் என்பதை மாமா கேனின் மூடி திறக்கும்போதே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. சொந்தத் தம்பி கேனையே திருப்பி அனுப்பியவர். அந்தத் தம்பி நாலு வருடம் பேசவில்லை. மாமாவும் கூப்பிடவில்லை.

என் ஆராய்ச்சித் திட்டத்தின் கருவே இந்தப் பால் சொசைட்டிதான். விவசாயி தன் கொட்டகையிலேயே ஒரு டிரம்மில் புல்லை ஊறவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் எடுப்பார். அதைப் பால் மாதிரி கேனில் கொண்டுவந்து ஊற்றுவார். டிகிரி பார்த்து வாங்கி, எத்தனால் ஆலைக்கு வண்டி ஏற்றுவோம். கேட்பதற்கே ஜோராக இருக்கும். நானும் மேடை மேடையாகப் பேசினேன். என் கைடு சாருக்கு இதில் அவ்வளவு பெருமை. கடைசியில் அந்தப் பேச்சே வினையாக வந்தது.

மூன்றாம் வருட முடிவில் திட்டத்தைப் பரிசீலிக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. அவர் சரி என்றால் இன்னொரு வருடம் உதவித்தொகையும் வேலையும் தொடரும். வேண்டாம் என்றால் அன்றோடு கதை முடிந்தது. என் ஆராய்ச்சி பாதியில் நின்று போகும், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளும் ஆசையை மடித்துப் பீரோவில் வைத்துவிட வேண்டியதுதான். கைடு சார் அவரிடம் ஃபோனில் பேசும்போது, "கொட்டகையிலேயே செய்யலாம்னு சொல்றீங்களே, அப்ப கொட்டகையிலேயே காட்டுங்களேன்" என்று அவர் கேட்டிருக்கிறார். சார் உடனே, "தாராளமா!" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் மாமனாரின் கொட்டகையை நினைத்துக்கொண்டேன்.

வீடு கல்யாண வீடானது. மாமா புல்லை அறுத்து, காயவைத்து, சோளத்தட்டு வெட்டும் மெஷினில் பொடியாக நறுக்கிக் கொடுத்தார். பத்துக் கிலோ, தராசில் நிறுத்தது. அத்தை நெல் அவிக்கிற அண்டாவைக் கொடுத்தார். (கூடவே, "அண்டா ஓட்டையாச்சுன்னா உன்ற புருஷனத்தான் கேப்பேன்" என்ற எச்சரிக்கையும்.) சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அலசி, பெரிய நீல டிரம்மில் போட்டு நூறு லிட்டர் தண்ணீர் விட்டேன். அதற்குமேல், குப்பைமேட்டு வைக்கோலில் நானே கண்டுபிடித்து வளர்த்த ஒரு பூஞ்சையின் நொதியை ஊற்றினேன். டிரம்மைச் சுற்றிப் பெரிய தொட்டியில் வெந்நீர். சூடு ஐம்பது டிகிரியில் மூன்று நாள் நிற்க வேண்டும். தொட்டிக்கு வெந்நீர் ஊற்றுவதும் அடுப்புக்குத் தென்னை மட்டை தள்ளுவதுமாக மாமா பக்கத்திலேயே கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சினை மாட்டைக்கூட அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்றார் அத்தை.

சர்க்கரை எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க பிரிக்ஸ் மீட்டர் என்று ஒன்று உண்டு. டார்ச் லைட் அளவுக்கு இருக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தால் டிகிரி தெரியும். நூறு லிட்டரில் ஒரு டிகிரி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ சர்க்கரை. மாமாவுக்கு இதை ஒரு தடவைதான் காட்டினேன், அப்படியே பிடித்துக்கொண்டார். "நம்ம லாக்டோமீட்டருக்குத் தம்பிங்க இது" என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

மேடம் வருவதற்கு முந்தின நாள் மாலை, டிரம்மின் மேலாக ஒரு கரண்டி மொண்டு வடிகட்டிப் பார்த்தேன். இரண்டு டிகிரி. நான் கல்லூரியில் வாய் கிழியப் பேசியது நான்கு. மறுபடி பார்த்தேன், இரண்டு. கண்ணாடியைத் துடைத்து, கண்ணையும் துடைத்துப் பார்த்தேன். இரண்டேதான். (கெட்ட செய்தியை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தேன் என்பதைக் கவனிக்கவும்.)

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. சும்மா அழவில்லை, வசனத்தோடு அழுதேன். என் படிப்பு போச்சு, மூணு வருஷம் போச்சு, அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஒரு தறிக்கு ஆகும் அளவுக்கு இழுத்தேன். அத்தை ரசத்தை ஊற்றிவிட்டு, "சர்க்கரை வரலீன்னா போவுது, சோத்தத் தின்னு" என்றார். மாமா மட்டும் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன டிகிரி வந்தா தேவலை, அம்மிணி?"

நான்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அழுகிறவளுக்குக் கணக்கா முக்கியம்? "பன்னெண்டு வந்தா உலகமே திரும்பிப் பார்க்கும் மாமா" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பன்னெண்டு" என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு, துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி கொட்டகைக்குப் போனேன். டிரம்மைத் திறந்தேன், ஒரு சொட்டு விட்டேன், கண்ணில் வைத்தேன். பன்னிரண்டு.

இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானி என்ன செய்ய வேண்டும்? ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துக் கல்லூரி லேபுக்கு அனுப்பி, வந்திருப்பது எந்தச் சர்க்கரை என்று பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு மணி நேர வேலை. மூன்று வருடமாக ஒவ்வொரு குழாய்க்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்றால், "மாமா!" என்று கத்திக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓடினேன். நான்கு மாடுகளும் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டன.

"வந்துருச்சா, சாமி?" என்றார் மாமா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே. அவர் முகத்தில் பெரிதாக ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு முழுத் தத்துவத்தைக் கண்டுபிடித்தேன். என் பூஞ்சை சாதாரணப் பூஞ்சை இல்லை. சேந்தமங்கலத்து வெயிலுக்கும் மாட்டுக் கொட்டகைச் சூட்டுக்கும் பழகி வளர்ந்தது. முதலில் மெதுவாக இருந்து, கடைசியில் ஒரே பாய்ச்சலாகப் பாயும் குணமுடையது. அதற்கு நான் பிறந்த ஊரின் பெயரை வைப்பதா, புகுந்த ஊரின் பெயரை வைப்பதா என்பதில் மட்டும்தான் எனக்கு லேசான குழப்பம். ஜலகண்டாபுரம் என்ற பெயர் உலக மேடையில் வாய்க்குள் நுழையாதே என்று கவலைப்பட்டேன்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. கைடு சார் இறங்கினார், பின்னால் சென்னை மேடம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, சிரிக்காத முகம், கையில் சின்ன நோட்டு. வாசலில் அத்தை போட்டிருந்த கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். பொல்லாத ஆள் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

டிரம்மைத் திறந்ததும் மேடம் குனிந்து மோந்து பார்த்தார். "ஏலக்காய் வாசனை வருதே" என்றார்.

உண்மையில் வந்தது. காலையிலிருந்து எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. "லிக்னின் உடையும்போது வெனிலா மாதிரி வாசனைப் பொருளெல்லாம் வரும் மேடம். இது அந்த வகைதான்" என்றேன்.

"வெனிலா வரும், தெரியும். இது ஏலக்காய்." இன்னொரு முறை மோந்தார். "கொஞ்சம் சுக்கும் இருக்கிற மாதிரி இருக்கே."

"அதைத் தனி ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதலாம்னு இருக்கேன் மேடம்."

இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். கைடு சார் பெருமையோடு தலையை ஆட்டினார்.

மேடம் தாமே மீட்டரை வாங்கிப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு மிக மெதுவான குரலில் கேட்க ஆரம்பித்தார்.

"எத்தனை கிலோ புல் போட்டீங்க?"

"பத்துக் கிலோ மேடம்."

"எத்தனை லிட்டர்?"

"நூறு."

"எத்தனை டிகிரி?"

"பன்னிரண்டு மேடம்!"

"அப்போ எத்தனை கிலோ சர்க்கரை வந்திருக்கு?"

"பன்னிரண்டு கி..."

அந்த 'கி'யோடு என் நாக்கு நின்றுவிட்டது. பத்துக் கிலோ புல்லில் உள்ள செல்லுலோஸ் முழுவதும், மிச்சம் மீதியும் சேர்த்துச் சுரண்டினாலும் ஏழு கிலோவைத் தாண்டாது. இது முதல் வருடம் படித்த பாடம். நானோ பத்துக் கிலோ புல்லில் பன்னிரண்டு கிலோ எடுத்திருக்கிறேன். நாலாம் வகுப்புப் பையன் கூடக் கண்டுபிடித்துவிடுகிற கணக்கு அது. கைடு சார் ஆட்டிக்கொண்டிருந்த தலை, ஆடியபடியே ஒரு பக்கமாக நின்றுவிட்டது.

"புல்லைவிடச் சர்க்கரை ரெண்டு கிலோ ஜாஸ்தி" என்றார் மேடம். "மிச்சம் எங்கேயிருந்து வந்தது?"

அந்த நேரம் பார்த்து அத்தை தட்டில் காப்பியோடு வந்தார். விருந்தாளிக்கு முதல் டம்ளரை நீட்டியபடியே வெகு சங்கடத்தோடு சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கூட்ல எப்பவும் வெல்லக் காப்பிதானுங்க போடுவோம். ஓமலூர்ல எங்க அண்ணன் ஊட்ல கரும்பாலை ஓட்டுறாங்க. ஊட்டுச் செலவுக்குன்னு சுக்கு ஏலக்காய் தட்டிப் போட்டுத் தனியா ஊத்திக் குடுப்பாங்க. நேத்துத்தானுங்க மூட்டை வந்துச்சு. காத்தால பாத்தா வெறும் சாக்குத்தான் கெடக்குது. பத்துக் கிலோ வெல்லத்தை எலியா இழுத்துட்டுப் போவும்? அதனால இன்னைக்குச் சீனிக் காப்பிதானுங்க."

மேடம் அத்தையைப் பார்த்தார். பிறகு டிரம்மைப் பார்த்தார். பிறகு நாங்கள் எல்லோரும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, ஒரே நேரத்தில் மாமாவைப் பார்த்தோம்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முப்பது வருடமாகக் கலப்படம் செய்தவர்கள் அவர் முன்னால் நின்ற மாதிரி, மேடம் முன்னால் போய் நின்றார்.

"நாந்தானுங்க போட்டேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எவ்வளவு போட்டீங்க?"

"மூட்டையில இருந்தது பூராவும் போட்டேனுங்க. கடைசி ரெண்டு அச்சு கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, கலக்கிக் கலக்கிப் பாத்தேன். மூட்டை காலியாகவும் பன்னெண்டு சரியா வந்துச்சுங்க."

நான் நின்ற இடத்திலேயே புதைந்து போக நினைத்தேன். கைடு சார் தூரத்தில் தெரிந்த கொல்லிமலையை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என் படிப்பு, என் டாக்டர் பட்டம், பெயர் வைக்காமலே போன என் பூஞ்சை, எல்லாம் அந்த நீல டிரம்மில் வெல்லப்பாகாகக் கிடந்தது. அத்தை மட்டும், "அட, அதுக்குள்ளதான் கெடக்குதா!" என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

மேடம் நோட்டை மூடவில்லை. "வெல்லம் போடறதுக்கு முன்னாடி டிகிரி பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"பாக்காம போடுவனுங்களா?" மாமாவுக்கு அந்த நிலையிலும் ரோஷம் வந்துவிட்டது. "மூணே கால் இருந்துச்சுங்க."

"இல்லை மாமா, ரெண்டு" என்றேன் நான். இனிமேல் பொய்யே வேண்டாம் என்றிருந்தது எனக்கு. "நேத்துச் சாயங்காலமே பார்த்தேன். ரெண்டுதான் மேடம்."

"நீ கலக்காமப் பாத்தே அம்மிணி" என்றார் மாமா, என்னைக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "மேலால மொண்டு பாத்தா எப்படித் தெரியும்? கேனை அடியோட கலக்கிட்டுத்தான் மீட்டரை உடோணும். நான் அடி வரைக்கும் துடுப்புப் போட்டுக் கலக்கிட்டு மூணு வாட்டி பாத்தேனுங்க. மூணு வாட்டியும் மூணே கால். அங்க செவுத்துல எழுதி வெச்சிருக்கேன் பாருங்க."

கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. காலை ஐந்து நாற்பது, மூணே கால். ஐந்து ஐம்பது, மூணே கால். ஆறு மணி, மூணே கால். அதன் கீழே, ஆறரை, பன்னெண்டு. திருட்டுத்தனமாக வெல்லம் கலந்த மனுஷன், கலப்பதற்கு முன்னும் பின்னும் நேரத்தோடு பதிவு செய்து வைத்திருக்கிறார். அவருக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாது.

மேடம் சுவர் அருகில் போய் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதன்முறையாக அந்த முகத்தில் ஏதோ அசைந்தது.

"கொட்டகையில, விறகடுப்பு வெந்நீர்ல, நீங்க வளர்த்த பூஞ்சையை வச்சு, பத்துக் கிலோ புல்லுக்கு மூணே கால் கிலோ. இது நல்ல ரிசல்ட்மா. இதுக்கு எதுக்கு வெல்லம்?"

எனக்கு மறுபடி அழுகை வந்தது. இந்தத் தடவை வசனம் இல்லை.

மேடம் தீர்ப்புச் சொன்னார். இன்றைய சோதனை கணக்கில் வராது. ஒரு மாதத்துக்குள் கல்லூரியில் மறுபடி செய்ய வேண்டும். அவர் நேரில் வந்து பார்ப்பார். அதே அளவு வந்தால் ஒரு வருடம் தொடரலாம், வராவிட்டால் இல்லை. "டிரம்முக்குப் பூட்டு போடுங்க" என்று என்னிடமும், "நீங்க அந்தப் பக்கம் வரவே கூடாது" என்று மாமாவிடமும் சொல்லிவிட்டுச் சீனிக் காப்பியைக் குடித்து முடித்தார். கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "கலக்கிட்டுப் பாருங்க" என்றார் என்னைப் பார்த்து.

அன்று மதியம் மாமா சாப்பிடவில்லை. கொட்டகைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் மலை மாதிரி இருந்தது. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"எத்தன பேர் கேனைத் திருப்பி அனுப்பிச்சிருக்கேன் தெரியுமா" என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே. "புள்ளைக்கு மருந்து வாங்கோணும்னு ஒருத்தி கால்ல உழுந்தா. அவளதையும் திருப்பினேன். நேத்து நீ சோத்துத் தட்டுல கண்ணீர் உட்டதும் எனக்கு ஒண்ணும் ஓடல. டிகிரி ஏத்தறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான் அம்மிணி. செய்யறவங்களைத்தான பூராப் பாத்திருக்கேன்."

கேட்க வந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பன்னிரண்டு என்று சொன்னது நான்தானே. போய்த் தட்டில் சோறு போட்டு எடுத்து வந்து கொடுத்தேன். அத்தை உள்ளிருந்தபடியே, "மோருக்கு உப்புப் போட்டிருக்குது, வேற ஒண்ணும் போட்டுறாதீங்க" என்று குரல் கொடுத்தார். கேலி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கல்லூரியில் டிரம்முக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கைடு சார் கழுத்தில் மாட்டிக்கொள்ள, அடியோடு கலக்கிப் பார்த்தோம். மூன்றரை. மேடம் முன்னால் எல்லாப் பரிசோதனையும் செய்து, புல்லில் வந்த சர்க்கரைதான் என்று உறுதியானது. வருடமும் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. என் ஆய்வேட்டில் 'மாதிரி எடுக்கும் முறை' என்ற பகுதியில், கலனை அடிவரை நன்கு கலக்கிய பிறகே அளவீடு எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. யார் சொன்னது என்று அடிக்குறிப்புப் போட முடியவில்லை.

வீட்டில் இன்றுவரை விடுதலை இல்லை. என் மகன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தால், அவன் அப்பா வடக்கே எங்கோ ரிக் வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஃபோனில் கேட்கிற முதல் கேள்வி, "வெல்லம் போட்டது யாரு?" என்பதுதான். மாடு வழக்கத்தைவிட அரை லிட்டர் கூடுதலாகக் கறந்தால் அத்தை ஓடிப்போய் வெல்ல டப்பாவைத் திறந்து பார்ப்பார். என் நாத்தனார் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே பிடித்திருக்கிறது என்று சொன்னபோது, கூடத்தில் அத்தனை பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அவர் சிரிப்பில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டம் வாங்கிய வாரம், கல்லூரி டிரம்மில் வந்த சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சுத்தம் செய்து, சுண்டக் காய்ச்சி, ஒரு சின்னப் பாட்டிலில் அவருக்கென்று கொண்டு வந்தேன். தேன் நிறத்தில் இருந்தது. அவர் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். நான் தடுப்பதற்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டார். கண்ணை மூடி ரொம்ப நேரம் சப்புக்கொட்டினார். புல்லில் இருந்து நிஜமாகவே சர்க்கரை எடுத்த மருமகளைப் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். அத்தை பக்கத்தில் இல்லை என்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு என் காதருகே வந்து, மிகுந்த பிரியத்தோடு, ரகசியமாகக் கேட்டார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சாமி. எவ்வளவு போட்டே?"